ஈய நச்சு ஆய்வில் மக்களோடு கூட்டு: குழுவில் யார், பணம் எப்படி, தரவு யார் கையில்?

வடிநிலம்:

வணக்கம். பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் பட்டறைகளை ஒட்டிய ஒரு குடியிருப்பில், 1 முதல் 6 வயதுக் குழந்தைகளின் ரத்த ஈய அளவு பற்றிய மூன்றாண்டு ஆய்வுக்கு விண்ணப்பம் தயாராகிறது. முதலாண்டில் ரத்தம், வீட்டுத் தூசி, முற்றத்து மண் மூன்றையும் அளப்போம். இரண்டாம் ஆண்டில் பாதி வீடுகளில் மேல்மண்ணை அகற்றித் தளம் போடுவோம், மீதிப் பாதி ஒப்பீட்டுக் குழு. நிதி தரும் அமைப்பு, சமூகப் பங்கேற்பைத் தனிப் பகுதியாக எழுதச் சொல்கிறது. வரைவில் இப்போது இருப்பது 12 பேர் ஆலோசனைக் குழு, ஆண்டுக்கு இரண்டு கூட்டம், கடைசியில் முடிவு சொல்ல ஒரு கூட்டம். இது சடங்கு மாதிரித் தெரிகிறது. விண்ணப்பிக்க நான்கு மாதம் இருக்கிறது.

1. குழுவில் யார் யார்? பட்டறை முதலாளிகளைச் சேர்க்கலாமா?
2. பட்ஜெட்டில் எவ்வளவு ஒதுக்குவது, எந்தத் தலைப்பில்?
3. மாதிரியும் தரவும் யாருடையவை?
4. கட்டுரை வெளியீட்டை நிறுத்தும் உரிமையை மக்கள் குழுவுக்குத் தரலாமா?

களச்செவிலி:

இந்த நான்குக்கும் முன்னால் ஒரு கேள்வி விடுபட்டிருக்கிறது. ஒரு குழந்தைக்கு அளவு கூடுதலாக வந்தால் அதற்கு அடுத்த வாரம் என்ன நடக்கும்? முதல் கூட்டத்தில் தாய்மார்கள் கேட்கப்போவது இதைத்தான். பதில் இல்லையென்றால் இரண்டாம் கூட்டத்துக்கு ஆள் வராது, வராததும் நியாயம்தான்.

ரத்த ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவென்று எதுவும் அறியப்படவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டுதல், டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமும் அதற்கு மேலும் இருந்தால் ஈயம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து அதை நிறுத்தச் சொல்கிறது. 10 வயது வரையுள்ள குழந்தைக்கு 45 அல்லது அதற்கு மேல் போனால் கீலேஷன், அதாவது ஈயத்தைப் பிணைத்து வெளியேற்றும் மருந்து. அந்த மருந்து எங்கே கிடைக்கும், எந்த மருத்துவமனை சேர்த்துக்கொள்ளும், செலவு யாருடையது என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். மருந்து கொடுத்த குழந்தையை அதே முற்றத்துக்குத் திருப்பி அனுப்பினால் பயனில்லை. 2010இல் நைஜீரியாவின் சம்ஃபாராவில் தங்கத் தாது உடைத்த ஊர்களில் 400க்கும் மேற்பட்ட குழந்தைகள் ஈய நச்சால் இறந்தார்கள். அங்கே வீட்டைச் சுத்தம் செய்த பிறகுதான் சிகிச்சை என்று வரிசை வைத்ததற்குக் காரணம் இதுதான்.

அளவீட்டிலும் ஒரு பொறி. விரல் நுனியில் குத்தி எடுக்கும் ரத்தம், பட்டறைப் பகுதியில் பொய்யாக உயர்ந்து காட்டும். தோலில் ஒட்டிய ஈயத்தூசி துளியோடு கலந்துவிடும். குழந்தையின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, காற்றிலேயே உலர விட்டு, ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, முதல் துளியை ஒற்றியெடுத்துவிட்டு அடுத்ததைப் பிடிக்க வேண்டும். கழுவிய கையால் குழந்தை தரையைத் தொட்டுவிட்டால் மறுபடி கழுவ வேண்டும். லெட்கேர் 2 மாதிரிக் கையடக்கக் கருவிக்கு 50 மைக்ரோலிட்டர் போதும், மூன்று நிமிடத்தில் எண் வரும். ஆனால் அது காட்டுவது 3.3 முதல் 65 வரைதான், மேலே போனால் 'உயர்வு' என்று மட்டும் சொல்லும். கூடுதலாக வந்த ஒவ்வொன்றையும் நரம்பில் எடுத்த ரத்தத்தால் உறுதிசெய்யாமல் வீட்டுக்குச் சொல்லாதீர்கள் என்பார்கள் சிலர். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அன்றே சொல்லுங்கள், இது முதல்கட்ட அளவு, இன்ன தேதிக்குள் உறுதியாகும் என்று சேர்த்துச் சொல்லுங்கள். காத்திருக்கும் நாளிலும் குழந்தை அதே மண்ணில்தான் விளையாடும்.

இதில் மக்கள் குழு தீர்மானிக்க வேண்டியது நிறைய. முடிவை யார் சொல்வது, வீட்டில் வைத்தா, வெளியிலா, அப்பா பட்டறையில் வேலை செய்பவர் என்றால் அவர் இருக்கும்போதா, எண் எழுதிய சீட்டுக் கொடுக்கலாமா. சீட்டு வீட்டுக்காரர் கண்ணில் பட்டால் வாடகைக்கு இருப்பவரைக் காலி செய்யச் சொல்லக்கூடும். இதெல்லாம் வெளியிலிருந்து வரும் ஆய்வாளருக்குத் தோன்றாது.

குழு அமைப்பைப் பற்றி. சமூகம் என்று ஒற்றை ஆள் யாரும் கிடையாது. உங்கள் இடத்தில் குறைந்தது நான்கு தரப்பு: சின்னக் குழந்தை வைத்திருப்பவர்கள், பட்டறைத் தொழிலாளிகள், வாடகைக்காரர்கள், முதலாளிகள். முதலாளியை அதே மேசையில் உட்கார வைத்தால் தொழிலாளி வாய் திறக்க மாட்டார். முதலாளிகளோடு தனியாகப் பேசுங்கள், குறிப்பெடுத்து அதை மக்கள் குழுவிடம் வாசித்துக் காட்டுங்கள், ஓட்டு மட்டும் கொடுக்காதீர்கள். ஊர்த் தலைவரிடம் பெயர்ப் பட்டியல் கேட்பதும் கூடாது. அவருக்கு வேண்டியவர்கள்தான் வருவார்கள். தெருவுக்கு மூன்று நான்கு பேரிடம் 'பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் யாரிடம் யோசனை கேட்பீர்கள்' என்று விசாரித்துப் பாருங்கள். நாலைந்து பெயர் திரும்பத் திரும்ப வரும். அவர்களை அழையுங்கள்.

ஆண்டுக்கு இரண்டு கூட்டம் போடும் குழுவுக்குச் செய்ய வேலையே இருக்காது. முதல் ஆறு மாதம் மாதம் ஒன்று, வேலை முடிந்து வரும் நேரத்தில், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்து நடத்துங்கள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு முடிவாவது அவர்கள் எடுக்க வேண்டியதாக இருக்கட்டும். எதில் அவர்கள் சொல் இறுதி, எதில் கூட்டு முடிவு, எதில் யோசனை மட்டும் என்று முதல் கூட்டத்திலேயே ஒரு பக்கத்தில் எழுதிக் காட்டிவிட்டால் பிறகு வரும் கசப்பில் பாதி வராது.

கணக்குப்புத்தகம்:

பணத்தைப் பற்றி மட்டும்.

'சமூகப் பங்கேற்பு' என்று ஒரே வரியில் மொத்தமாகப் போடாதீர்கள். நிதிக் குறைப்பு வந்தால் முதலில் வெட்டுப்படுவது அந்த வரி. களப்பணி, பயிற்சி, தரவு சேகரிப்பு ஆகிய தலைப்புகளுக்குள்ளேயே மக்கள் பணியாளர் சம்பளத்தை வையுங்கள். அவர்களை வெட்டினால் ஆய்வே நிற்க வேண்டும். உள்ளூரில் பதிவுபெற்ற அமைப்பு இருந்தால் துணை ஒப்பந்தம் போட்டு, அவர்களுக்கும் நிர்வாகச் செலவு விகிதம் கொடுங்கள். பல்கலைக்கழகம் தன் பங்குக்கு நிர்வாகச் செலவு எடுத்துக்கொண்டு, கணக்கெழுதும் வேலையையும் தணிக்கையையும் சின்ன அமைப்பின் தலையில் இலவசமாகக் கட்டுவதுதான் வழக்கம்.

எவ்வளவு என்றால், விதி எதுவும் கிடையாது. என் கணக்கில், குடியிருப்புக்காரர்கள் கைக்கு நேராகப் போகும் தொகை மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குக்குக் கீழே இருந்தால் அதைக் கூட்டு என்று எழுத வேண்டாம், ஆட்சேர்ப்பு என்று எழுதுங்கள்.

குழு உறுப்பினருக்குக் கூட்டப்படி, பயணம், பிள்ளை பராமரிப்பு மூன்றும் தனித்தனி. கூட்டத்தில் இருந்த நேரத்துக்கு மட்டுமல்ல, ஆவணம் படித்து வந்த நேரத்துக்கும் சேர்த்துக் கொடுங்கள். அன்றைய கூலியை விட்டுவிட்டு வருபவருக்கு அதைவிடக் குறையக்கூடாது. ரத்தம் கொடுக்கும் குடும்பத்துக்குத் தரும் தொகை வேறு கணக்கு. அது அலைச்சலுக்கும் நேரத்துக்கும் ஈடு. குழந்தையைக் கொண்டுவர ஆசைகாட்டும் அளவுக்குப் பெரிதாக இருந்தால் எத்திக்ஸ் கமிட்டி நிறுத்திவிடும். இரண்டையும் ஒரே ரசீதுப் புத்தகத்தில் கலக்காதீர்கள்.

எங்கே கெடும் என்றால் பணம் பட்டுவாடாவில்தான். முதலில் செலவழி, ரசீது கொடு, பிறகு திருப்பித் தருகிறோம் என்ற நடைமுறை மாதச் சம்பளக்காரருக்குச் சரி, அன்றாடக் கூலிக்காரருக்கு அது எங்களுக்குக் கடன் கொடு என்று கேட்பது. முன்பணக் கணக்கு ஒன்று, அதற்குப் பொறுப்பாக ஒருவர், கூட்டம் முடிந்த அன்றே கையில் கொடுக்க அனுமதி. இந்த மூன்றுக்கும் உங்கள் நிதிப் பிரிவிடம் இப்போதே எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். நான்கு மாதமும் அதற்கே போனாலும் ஆச்சரியப்பட மாட்டேன். வங்கிக் கணக்கோ அடையாள அட்டையோ இல்லாதவருக்கு எப்படிக் கொடுப்பது என்றும் அப்போதே கேளுங்கள். அரசு உதவித்தொகை பெறுபவர் என்றால், இந்தக் கூடுதல் வருமானத்தால் அது நின்றுவிடுமா என்று அவர் கேட்கும் முன்பே நீங்கள் விசாரித்து வைத்திருக்க வேண்டும்.

தரவுக்காவல்:

மாதிரி விஷயத்தில் ஹவசுபாய் வழக்கைப் படித்துவிட்டு எழுதுங்கள். அரிசோனாவில் அந்தப் பழங்குடியினரிடம் 1990 முதல் ரத்தம் எடுத்தார்கள். மக்கள் புரிந்துகொண்டது, இது நீரிழிவு ஆய்வுக்கு என்று. பிறகு அதே ரத்தம் மனச்சிதைவு, உறவுக்குள் மணம், மூதாதையர் இடப்பெயர்ச்சி ஆய்வுகளுக்கும் போனது. அரிசோனா அரசுப் பல்கலைக்கழகம் 2010இல் 7 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்து, மீதி மாதிரிகளையும் திருப்பிக் கொடுத்தது. ஒப்புதல் படிவத்தில் பொதுவான ஒரு வாக்கியம் இருந்தது, அதுதான் இடம் கொடுத்தது.

ஆகவே படிவத்தில் தனித்தனிக் கட்டங்கள்: ஈயம் அளக்க மட்டும், மீதியை வேறு உலோகங்களுக்கும், மரபணு ஆய்வுக்கு, நாட்டுக்கு வெளியே அனுப்ப, ஆய்வு முடிந்ததும் அழிக்க. ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை. இப்படிப் பிரித்தால், எந்தக் குப்பியை எதற்குத் தொடலாம் என்பதை ஆய்வகக் கணினியில் குப்பி எண்ணோடு சேர்த்துப் பதிய வேண்டும். படிவத்தில் மட்டும் இருந்து உறைபெட்டிப் பதிவேட்டில் இல்லையென்றால், மூன்றாம் ஆண்டில் புதிதாக வரும் ஆராய்ச்சி மாணவருக்கு அது தெரியவே தெரியாது.

சொந்தம் யாருக்கு என்பதற்கு முன்மாதிரிகள் இருக்கின்றன. கனடாவின் முதற்குடிகள் 1998 முதல் வைத்திருக்கும் ஓகேப் கோட்பாடு உரிமை, கட்டுப்பாடு, அணுக்கம், கைவசம் என்று நான்கைப் பிரிக்கிறது. தென்னாப்பிரிக்க சான் மக்கள் 2017இல் ஆய்வாளருக்கான தங்கள் நெறிமுறையைத் தாங்களே வெளியிட்டார்கள். உங்கள் குடியிருப்பு பழங்குடி ஊர் இல்லை, தன்னாட்சி அமைப்பும் இல்லை, அதனால் அப்படியே எடுத்துவைக்க முடியாது. ஆனால் அந்த நான்கையும் தனித்தனியாகக் கேட்கும் முறை எங்கும் உதவும். மூலத்தரவு உங்கள் கணினியில் இருக்கலாம், யார் கேட்டால் கொடுப்பது என்ற முடிவு குழுவிடம் இருக்கலாம். நிதி அமைப்பு திறந்த தரவுக் களஞ்சியத்தில் போடச் சொன்னால், தரவு மேலாண்மைத் திட்டத்தில் இப்போதே 'கட்டுப்படுத்தப்பட்ட அணுக்கம்' என்று எழுதிவிடுங்கள். பின்னால் மாற்றக் கேட்டால் நடக்காது.

பெயரை நீக்கினால் போதும் என்று நினைக்காதீர்கள். வீட்டின் ஜிபிஎஸ் புள்ளி ஒன்றே ஆளைக் காட்டிக்கொடுக்கும். பெரிய தேசியக் கணக்கெடுப்புகளில் புள்ளியை நகர்த்தி வெளியிடுவார்கள். பல நாடுகளில் நடந்த மக்கள்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்பான டிஎச்எஸ் நகர்ப்புறத்தில் 2 கிலோமீட்டர் வரை, கிராமப்புறத்தில் பெரும்பாலும் 5 வரை நகர்த்தியது. உங்கள் குடியிருப்பே அவ்வளவு அகலம் இருக்காது. ஆகவே வெளியீட்டில் புள்ளி வரைபடம் வேண்டாம். அட்டவணையில் ஒரு கட்டத்துக்குள் ஐந்து குழந்தைகளுக்குக் குறைவாக வந்தால் பக்கத்துப் பிரிவோடு சேருங்கள். கூட்டுத்தொகையிலிருந்து கழித்து அந்த எண்ணைக் கண்டுபிடிக்க முடியாதபடி இன்னொரு கட்டத்தையும் மறையுங்கள். குடியிருப்பின் பெயரைப் போடுவதா என்பதும் குழுவின் முடிவு. பெயர் வந்தால் சுத்திகரிப்புக்குப் பணம் கேட்கலாம், வந்தால் வாடகைக்காரரை வெளியேற்றவும் செய்யலாம். இரண்டும் நிஜம்.

முழு ரகசியம் என்று வாக்குக் கொடுக்கவே கூடாது. பல நாடுகளில் குறிப்பிட்ட அளவுக்கு மேல் போன ரத்த ஈயத்தைச் சுகாதாரத் துறைக்கு அறிவிப்பது ஆய்வகத்தின் சட்டக் கடமை. உங்கள் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்து, அதைப் படிவத்தின் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள்.

வெளியீட்டு உரிமை: என் கருத்து, கொடுக்க வேண்டும். மாதிரி அவர்கள் உடம்பு, விளைவு அவர்கள் வாழ்க்கை. இணங்காவிட்டால் நிறுத்தலாம் என்ற உரிமை இல்லாத குழு அலங்காரம்தான்.

களச்செவிலி:

கடைசிப் பத்தியோடு மட்டும் மோதுகிறேன். பட்டறைகளில்தான் பாதிப் பேருக்குச் சோறு. முதலாளிகள் ஒரு வருடத்தில் குழுவுக்குள் தங்கள் ஆளைக் கொண்டுவர முடியும். அன்றைக்கு அந்த நிறுத்தும் உரிமை யார் கையில் இருக்கும்? குழந்தைகளுக்கு நச்சு ஏறுகிறது என்ற கண்டுபிடிப்பை மறைக்க அதுவே கருவியாகும்.

நடுவழி: வரைவைப் பொதுமொழியில் சுருக்கி 30 நாள் குழுவிடம் கொடுப்பது. பெயர், வரைபடம், படம், மக்களைப் பற்றிய விவரணை ஆகியவற்றில் குழுவின் சொல் இறுதி. அளவீட்டு முடிவுகளை நிறுத்த முடியாது, ஆனால் குழுவுக்கு மாற்றுக் கருத்து இருந்தால் அதே கட்டுரையில் அவர்கள் சொற்களிலேயே சேர்க்க வேண்டும். ஆய்வாளர் மறுத்தால் குழு அதைத் தனியாக வெளியிடலாம். எழுத்தில், கையெழுத்தோடு.

தரவுக்காவல்:

முதலாளி ஆள் நுழைவார் என்பது உறுப்பினர் விதியால் தடுக்கக்கூடியது. பட்டறையில் பங்கோ வாடகை வருமானமோ இருந்தால் உறுப்பினர் ஆக முடியாது என்று போடலாம். ஆனாலும் 30 நாள் ஏற்பாடு ஒன்றுமில்லாததைவிட எவ்வளவோ மேல், எத்திக்ஸ் கமிட்டியிலும் சுலபமாகத் தேறும். நாள்கணக்கு மட்டும், குழுவின் மொழியில் சுருக்கம் கையில் கிடைத்த நாளிலிருந்து தொடங்கட்டும்.

வடிநிலம்:

மிக்க நன்றி. இரண்டு சிக்கல். எங்கள் எத்திக்ஸ் கமிட்டி, ஒப்புதல் கிடைக்கும் முன் மக்களை அணுகக்கூடாது என்கிறது. மக்களோடு பேசாமல் எழுதினால் அது அவர்கள் ஆய்வுத்திட்டம் ஆகாது. அடுத்து, பாதி வீடுகளை ஒப்பீட்டுக் குழுவாக விடுவது சரியா என்ற கேள்வி இப்போது உறுத்துகிறது.

களச்செவிலி:

முதலாவது: கமிட்டி தடுக்கக்கூடியது ஆய்வை, கலந்தாலோசனை ஆய்வு ஆகாது. தனிநபரிடம் தரவு எடுக்காதவரை, யாரையும் பங்கேற்பாளராகச் சேர்க்காதவரை, கூட்டக் குறிப்பைத் தரவாகப் பயன்படுத்தாதவரை பேசலாம். சர்வதேச மருத்துவ அறிவியல் அமைப்புகளின் குழுமமான சியாம்ஸ், தன் 2016 வழிகாட்டுதல்களில் ஏழாவதில், ஆய்வை வடிவமைக்கும் கட்டத்திலிருந்தே சமூகத்தை ஈடுபடுத்தச் சொல்கிறது. அந்தப் பக்கத்தை இணைத்துக் கமிட்டிச் செயலருக்குக் கடிதம் எழுதுங்கள். அப்படியும் ஒத்துக்கொள்ளவில்லையென்றால் இரண்டு கட்டமாக ஒப்புதல் கேளுங்கள்: முதல் கட்டம் கலந்தாலோசனையும் குழு அமைப்பும், கேள்வித்தாளும் மாதிரி எடுக்கும் முறையும் திருத்தமாகப் பின்னால் வரும். திருத்த ஒப்புதலுக்கு ஆகும் காலத்தைக் கால அட்டவணையில் விட்டுவையுங்கள்.

இரண்டாவது உறுத்த வேண்டியதுதான். பால்டிமோரில் 1990களில் கென்னடி கிரீகர் நிறுவனம், ஈயப் பெயின்ட் வீடுகளில் வெவ்வேறு அளவில் பழுதுபார்த்து, அங்கே குழந்தைகளோடு குடும்பங்கள் வாழ, ரத்தத்தை அளந்தது. ஒரு வீட்டில் தூசி மிக அதிகம் என்ற முடிவு தாய்க்குச் சொல்லப்பட்டது சுமார் ஒன்பது மாதம் கழித்து, குழந்தையின் ரத்தத்தில் ஈயம் ஏறிய பிறகு. மேரிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் 2001இல் கடுமையாகத் தீர்ப்பு எழுதியது. நோக்கம் நல்லதுதான், மலிவான பழுதுபார்ப்பு போதுமா என்று அறிவது. முடிவைத் தாமதமாகச் சொன்னதும், குழந்தையை ஆபத்தை அளக்கும் கருவியாக வைத்ததும்தான் பிரச்சினை.

உங்களுக்கு வழி இருக்கிறது. எல்லா வீட்டுக்கும் மண், தூசி முடிவு உடனே போக வேண்டும். எல்லா வீட்டுக்கும் தளம் போடப்படும், வரிசை மட்டும் குழுவின் முன்னால் பகிரங்கமாகச் சீட்டுக் குலுக்கி. ரத்த ஈயம் 45 அல்லது அதற்கு மேல் உள்ள குழந்தையின் வீடு வரிசையை மீறி முன்னால் வரும், அதைப் பகுப்பாய்வில் தனியாகக் கையாளுங்கள். தனி வீடாக இல்லாமல் தெருத் தெருவாகக் குலுக்குங்கள். பக்கத்து வீட்டு முற்றத்து மண் காற்றில் வந்துவிடும். அப்படிச் செய்தால் மாதிரி அளவு கூடும்: தெருவுக்கு 20 குழந்தை, தெருவுக்குள் ஒப்புமை, அதாவது ஒரே தெருப் பிள்ளைகளின் அளவுகள் எவ்வளவு ஒன்றுபோல் இருக்கும் என்பது, 0.05 என்றால் 1 + 19 × 0.05 = 1.95, கிட்டத்தட்ட இரு மடங்கு. தெருக்கள் ஒவ்வொன்றாகச் சேர்வதால் படிநிலை வடிவமைப்புக்கு உரிய திருத்தத்தைப் புள்ளியியலாளர் இதற்கு மேல் போடுவார். இந்தக் கணக்கைக் குழுவிடமும் விளக்குங்கள். ஏன் இத்தனை பிள்ளைகளுக்கு ஊசி என்று அவர்கள்தான் தெருவில் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

இன்னொன்று. மலிவு என்று, வீட்டைத் துடைக்கக் கற்றுக்கொடுக்கும் பயிற்சியைத் தளத்துக்குப் பதிலாக வைத்துவிடாதீர்கள். தூசிக் கட்டுப்பாடும் விழிப்புணர்வும் மட்டும் ரத்த ஈயத்தைப் பெரிதாகக் குறைக்கவில்லை என்பது, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு முடிவு. அளவு குறையாதபோது, சரியாகத் துடைக்கவில்லை என்று பழி தாய் மேல் விழும், புகைபோக்கி பேச்சிலிருந்தே போய்விடும்.

கணக்குப்புத்தகம்:

எல்லா வீட்டுக்கும் தளம் என்றால் பட்ஜெட் மாறுகிறது. கடைசித் தெருவின் செலவு மூன்றாம் ஆண்டில் வரும், அப்போது கையிருப்பு தீர்ந்திருக்கும். அந்தத் தொகையை முதலாண்டிலேயே தனியாகப் பூட்டிவையுங்கள். வேறு தலைப்புக்கு மாற்ற மக்கள் குழுவின் கையெழுத்தும் வேண்டும் என்று துணை ஒப்பந்தத்தில் ஒரு வரி. அகற்றிய மண்ணை எங்கே கொட்டுவது என்பதற்கும் பணம் ஒதுக்குங்கள். அது அபாயக் கழிவு. பக்கத்து ஊர் எல்லையில் கொட்டினால் அங்கே இன்னொரு ஆய்வு தேவைப்படும்.

தரவுக்காவல்:

அந்த ஊர்க்காரர்களையே கேள்வி கேட்க நியமிப்பதாக இருந்தால், தன் தெருவுக்கு அவரே போகக்கூடாது. வருமானம், கடன், யார் பட்டறையில் வேலை என்பதையெல்லாம் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்ல மாட்டார்கள், சொன்னாலும் குறைத்துச் சொல்வார்கள். தெருவை மாற்றிப் போடுங்கள், இருவர் இருவராக அனுப்புங்கள், பட்டறை ஆட்கள் மிரட்டினால் அழைக்க எப்போதும் எடுக்கப்படும் ஒரு தொலைபேசி எண் கொடுங்கள். ஒப்புதல் வாங்கும்போது 'புரிந்ததா' என்று கேட்கச் சொல்லாதீர்கள், எல்லோரும் புரிந்தது என்பார்கள். 'வீட்டில் கேட்டால் இந்த ரத்தம் எதற்கென்று சொல்வீர்கள், வேண்டாம் என்றால் என்ன ஆகும்' என்று அவர்களையே சொல்லச் சொல்லுங்கள். இரண்டில் ஒன்று தவறினாலும் மறுபடி விளக்கிவிட்டுத்தான் ஊசி.